வாயுவின்மேல் ஏறிய வாகனம்

சென்ற அத்தியாயத்தில் எஃகுச் சுருள்வில்லின் குணங்களை ஆராய்ந்தபோது, மோட்டார் வாகனத்தில் பிரயாணம் செய்வோரின் சுகத்திற்கும் அவ்வாகனம் சுமக்க வேண்டிய பாரத்திற்கும் இடையே ஒரு தீராத வழக்கு நடந்து வந்ததைக் கண்டோம். அந்த வழக்கில் பிரெஞ்சு தேசத்து மோட்டார் ஸ்தாபனம் ஒன்று 1955-ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பே இந்த அத்தியாயத்தின் விஷயம். தீர்ப்பு வெளியான வடிவம், சிட்ரோயன் டி.எஸ்.19 என்னும் நான்கு கதவுகள் கொண்ட கார். உயர்ந்த ரகக் கார் என்றால் வழவழப்பான தோல் மெத்தையும், மெருகேற்றிய மரப் பலகையும், நீண்ட மூடியின் கீழ் ஆறோ எட்டோ சிலிண்டர் கொண்ட பெரிய என்ஜினும்தான் என்று செல்வந்தர்களும் தொழிற்சாலைகளும் ஒருமித்து நம்பியிருந்த காலத்தில், சொகுசு என்பது முதலாவதாகப் பௌதிக சாஸ்திரத்தின் விஷயம், மரமும் தோலும் அதற்குப் பின்னால் வரலாம் என்று செய்கையால் நிரூபித்த வாகனம் அது. இருபதாம் நூற்றாண்டின் கார்களில் விஞ்ஞான மாணவன் ஒன்றே ஒன்றைத்தான் முழுமையாகக் கற்கலாம் என்று யாரேனும் விதித்தால், இதைத்தான் கற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆந்திரே சிட்ரோயன் 1919-இல் பாரிஸ் நகரில் ஸேன் நதிக்கரையில் உள்ள ஜாவெல் துறையில் கார் உற்பத்தியைத் தொடங்கியவர். முன் சக்கரங்களை என்ஜின் இழுத்துச் செல்லும் 'திராக்ஷன் ஆவான்' என்ற காரை 1934-இல் வெளியிட்டார். அந்தப் புதுமைக்குச் செலவிட்ட பணமே அவருடைய ஸ்தாபனத்தைக் கடனில் ஆழ்த்தியது. டயர் உற்பத்தியில் பேர்பெற்ற மிஷ்லின் குடும்பத்தின் கைக்கு ஸ்தாபனம் மாறியது. மறு ஆண்டே சிட்ரோயன் காலமானார். புதிய நிர்வாகத்தில் பொறுப்பேற்ற பியேர் பூலாஞ்செ என்பவர், திராக்ஷனுக்கு வாரிசாக ஒரு பெரிய காரை உருவாக்கும் வேலையை யுத்தத்திற்கு முன்பே, 1938-இல், ஆரம்பித்து வைத்தார். யுத்தம் வந்தது, பாரிஸ் ஜெர்மானியர் வசமாயிற்று, வேலை நிற்காமல், ஆனால் வெளியே தெரியாமல், ஊர்ந்துகொண்டிருந்தது. பூலாஞ்செ அதன் முடிவைக் காணவில்லை. 1950-இல் ஒரு கார் விபத்தில் மாண்டார்.

இந்தக் காருக்கு மூவரைக் கர்த்தாக்களாகக் கூறுவது வழக்கம். முதல்வர் ஆந்திரே லெஃபேவ்ர். ஆகாய விமானம் செய்து புகழ்பெற்ற கபிரியேல் வுவாசானிடம் பயின்றவர், பந்தயக் கார்களை வடிவமைத்ததோடு தாமே ஓட்டியும் பார்த்தவர், எடையைக் குறைப்பதையும் அந்த எடையை முன்பக்கம் சேர்ப்பதையும் ஏறக்குறைய ஒரு விரதமாகவே அனுஷ்டித்தவர். இரண்டாமவர் ஃபிளாமினியோ பெர்த்தோனி, இத்தாலியர், சிற்பி, காரின் உருவத்தைக் காகிதத்தில் வரைவதோடு நில்லாமல், பிசைந்து இழைக்கத்தக்க களிமண்ணில் கையால் செதுக்கிக் கண்டவர். மூன்றாமவர் பால் மாஜெஸ். பதினேழு வயதில், 1925-இல், சிட்ரோயனில் சேர்ந்த இவரிடம் பொறியியல் பட்டம் எதுவும் இல்லை. யுத்த காலத்தில் பிரேக்குகளையும் சக்கரத் தாங்கிகளையும் ஆராயும் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. காரின் அழகைப் பேசுவோர் பெர்த்தோனியின் பெயரையே முதலில் சொல்வார்கள், அது நியாயந்தான். எனினும் அந்த அழகிய உடலுக்குள் ஜீவனை வைத்தவர் மாஜெஸ் என்பதால், நாம் அவரோடுதான் நெடுநேரம் தங்கப் போகிறோம்.

மாஜெஸின் எதிரே இருந்த சங்கடத்தைக் கணக்காகவே சொல்லிவிடலாம். ஸ்பிரிங்கின் மீது அமர்ந்த எந்தப் பொருளையும் சற்று அமுக்கி விட்டுவிட்டால், அது தனக்கே உரிய ஒரு வேகத்தில் மேலும் கீழும் அசையும். மனிதன் நிதானமாக நடக்கையில் அவன் உடல் விநாடிக்கு ஒன்று முதல் இரண்டு தடவை ஏறி இறங்குவதால், ஏறத்தாழ அந்த அளவிலான அசைவு நமக்கு உபத்திரவமாகத் தோன்றுவதில்லை. அதைவிட வேகமான அசைவு குலுக்கலாகிறது, மிகவும் மெதுவான அசைவோ கப்பலில் செல்வோருக்கு வரும் தலைசுற்றலைத் தருகிறது. ஆகவே சுகமான காரின் அசைவு விநாடிக்கு ஒரு தடவை என்ற அளவை ஒட்டியிருப்பது உத்தமம். அந்த அளவு கிடைக்க வேண்டுமானால், காரின் சொந்த எடையினாலேயே ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் அமுங்கியிருக்க வேண்டும் என்று எளிய கணக்கு ஒன்று கூறுகிறது. அத்தனை மிருதுவான ஸ்பிரிங்கைப் பூட்டுவது அசாத்தியமான காரியமல்ல. சங்கடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பின் சக்கரங்களின் மீது 400 கிலோ எடை தங்கியிருக்கும் காரில், பின் ஆசனத்தில் இருவரோ மூவரோ ஏறி, பெட்டி படுக்கைகளும் சேர்ந்து இன்னும் 200 கிலோ கூடினால், அந்த மிருதுவான ஸ்பிரிங் மேலும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் இறங்கிவிடும். காரின் பின்புறம் தரையை உராயும், முன்விளக்குகள் ஆகாயத்தை நோக்கும். இதற்கு அஞ்சியே தொழிற்சாலைகள் விறைப்பான ஸ்பிரிங்கைப் பூட்டின. விறைப்பான ஸ்பிரிங்கோ காரோட்டி தனியே செல்லும்போது அவரைக் குலுக்கி எடுத்தது. லெஃபேவ்ரின் கொள்கைப்படி எடையின் பெரும் பகுதி முன்பக்கம் சேர்ந்து பின்பக்கம் லேசாகிவிட்ட காரில், ஏறும் பாரத்தின் விகிதம் பின்பக்கத்தில் இன்னும் அதிகம் என்பதால், சங்கடமும் அங்கே இரட்டித்தது.

ஸ்பிரிங் என்பது எஃகாகத்தான் இருக்க வேண்டுமா என்பதே இதற்கு மாஜெஸ் கேட்ட கேள்வி. அடைபட்ட காற்றுக்கு வில்லின் குணம் உண்டு என்று இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் 1660-லேயே நூல் எழுதியிருக்கிறார். வெப்பநிலை மாறாதிருக்கையில் அழுத்தம் இரட்டித்தால் வாயுவின் கனஅளவு பாதியாகும் என்ற அவருடைய விதியைப் பள்ளிச் சிறுவர்களும் ஒப்பிப்பார்கள். அந்த விதியிலிருந்து பள்ளியில் சாதாரணமாகச் சொல்லித்தராத ஒரு பலன் பிறக்கிறது. எஃகு ஸ்பிரிங்கின் விறைப்பு, பாரம் ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றுதான். அடைபட்ட வாயுவின் விறைப்போ பாரத்தோடு கூடவே வளர்கிறது, அதுவும் பாரத்தைவிட வேகமாக வளர்கிறது. பாரம் ஒன்றரை மடங்கானால் வாயு ஸ்பிரிங்கின் விறைப்பு இரண்டேகால் மடங்காகிவிடும். ஒருவர் மட்டும் அமர்ந்திருக்கையில் மிருதுவாகவும், குடும்பமே ஏறிக்கொள்கையில் உறுதியாகவும் தானே மாறிக்கொள்ளும் ஸ்பிரிங் அது.

ஆனால் வாயுவை நேரடியாகச் சக்கரத்தோடு இணைத்தால், பிஸ்டனின் ஓரங்களில் அது கசிந்து போய்விடும். ஆகையால் மாஜெஸ் வாயுவுக்கும் சக்கரத்துக்கும் நடுவே திரவத்தை வைத்தார். சிறு தேங்காயளவுள்ள எஃகுக் கோளம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் உள்ளே நடுவில் ஒரு ரப்பர் சவ்வு. சவ்வின் மேற்பாதியில் உயர் அழுத்தத்தில் நைட்ரஜன், கீழ்ப்பாதியில் திரவம். சக்கரம் ஒரு கல்லின்மீது ஏறுகையில் அதன் கை ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது, திரவம் சவ்வைத் தள்ளுகிறது, நைட்ரஜன் சுருங்கி மீண்டும் விரிகிறது. திரவம் எளிதில் சுருங்காது; ஓரிடத்தில் கொடுத்த அழுத்தத்தை அது எல்லாப் பக்கமும் சமமாகக் கொண்டுபோகும் என்பது பாயிலின் சமகாலத்தவரான பாஸ்கல் காட்டிய உண்மை. சாதாரணக் காற்றை விட்டு நைட்ரஜனைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: பிராணவாயு எண்ணெய்க்கு அருகே பலமாக அழுத்தப்பட்டால் தீப்பற்றும் அபாயம் இருக்கிறது, ரப்பரையும் அது கெடுக்கிறது, நைட்ரஜன் சாது. கோளத்தின் கழுத்தில் மெல்லிய தகடுகளால் மூடிய நுண்துளைகளை வைத்து, திரவம் அவற்றின் வழியே சிரமப்பட்டுச் செல்லும்படி செய்ததால், அசைவை அடக்குவதற்கென்று தனியே ஷாக் அப்சார்பரும் தேவைப்படவில்லை.

திரவத்தைப் புகுத்தியதனால் இன்னொரு பெரிய லாபம் விளைந்தது. கார் இறங்கினால் திரவத்தைச் சற்றே கூட்டினால் போதும், அது பழைய உயரத்துக்கு வந்துவிடும். முன்னும் பின்னும் ஒவ்வொரு வால்வு. சக்கரங்களோடு சேர்ந்து திரும்பும் ஒரு கம்பி அதை இயக்குகிறது. ஆட்கள் ஏறிக் கார் தாழ்ந்தால் வால்வு திறந்து திரவத்தை உள்ளே விடும். அவர்கள் இறங்கிக் கார் உயர்ந்தால் மிகுந்த திரவத்தை வெளியே விடும். சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் பதறி எழாதபடி, சில விநாடிகள் தாமதித்தே செயல்படும் நிதானத்தையும் அந்த வால்வுக்குள் வைத்திருந்தார்கள். ஸ்பிரிங் மிருதுவாக இருந்தால் கார் தாழ்ந்துவிடுமே என்ற பழைய அச்சம் இத்துடன் ஒழிந்தது. ஐம்பது ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளை வாட்டிய வழக்கு தீர்ந்த இடம் விலை உயர்ந்த பெரிய இயந்திரம் எதுவுமல்ல, உள்ளங்கையில் அடங்கும் அந்த வால்வுதான். இவ்வால்வுகளில் ரப்பர் வளையம் இல்லாமலே கசிவைத் தடுக்கும்படி, ஓரிரு மைக்ரான் இடைவெளியே விட்டு உலோகத்தோடு உலோகத்தைப் பொருத்த வேண்டியிருந்தது. அத்தகைய நுட்பத்தை, நாள்தோறும் நூற்றுக்கணக்கில் வெளிவரும் காருக்காகச் சாதித்த தொழிலாளரை மூன்று கர்த்தாக்களின் வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை, சேர்த்திருக்க வேண்டும்.

1954-இல் பழைய திராக்ஷனின் ஆறு சிலிண்டர் ரகத்தில், பின் சக்கரங்களுக்கு மட்டும் இந்த ஏற்பாட்டைப் பொருத்தி விற்றுப் பார்த்தார்கள். மறு ஆண்டு அக்டோபர் மாத முதல் வாரத்தில், பாரிஸ் கிரான் பலே மண்டபத்தில் நடந்த மோட்டார் கண்காட்சியில் டி.எஸ்.19 திரை விலகி நின்றது. முதல் கால் மணி நேரத்தில் 743 பேர் முன்பதிவு செய்தார்கள். அன்று மாலைக்குள் அந்தத் தொகை 12,000 ஆயிற்று. யுத்தத்தின் வடு ஆறிக்கொண்டிருந்த ஒரு தேசம், தன் எதிர்காலத்தை அந்த மேடையில் கண்டதாக நம்பியது என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

அவர்கள் கண்டது உருவத்தை மட்டுந்தான்; உள்ளே இருந்தது அதைவிட அதிசயம். என்ஜினால் சுழலும் ஒரு பம்பு திரவத்தை வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு அழுத்தத்தில் வைத்திருக்கிறதே, அதைச் சக்கரத் தாங்கிக்கு மட்டும் ஏன் பயன்படுத்த வேண்டும் என்று யோசித்து, ஸ்டியரிங்கைத் திருப்பவும், கியரை மாற்றவும், கிளட்சை விடுவிக்கவும், பிரேக் போடவும் அதே அழுத்தத்தை ஏவினார்கள். கிளட்சுக்கு மிதியே கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னே இருந்த மெல்லிய கம்பியை விரலால் நகர்த்தினால் கியர் மாறும். அதே கம்பியை ஒரு பக்கம் தள்ளினால் என்ஜின் கிளம்பும். பிரேக்குக்கும் வழக்கமான மிதி இல்லை. தரையில் காளான் வடிவத்தில் ஒரு ரப்பர்க் குமிழ். அது கீழே இறங்கும் தூரம் மிகச் சொற்பம். கால் எவ்வளவு பலமாக அழுத்துகிறதோ அவ்வளவு பிரேக் பிடிக்கும். பழைய காரின் பழக்கத்தில் காலை ஊன்றியவர்கள் முதல் நாள் முன் கண்ணாடியை நோக்கிச் சாய்ந்திருக்கிறார்கள். ஒரு வாரம் பழகிய பின்போ, வேறு காரின் மிதி அவர்களுக்குச் சேற்றில் மிதிப்பதாகத் தோன்றும். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். அதைப் பெருமளவில் உற்பத்தியாகும் காருக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் இதுவும் ஒன்று. பின்னால் பாரம் கூடினால் பின் பிரேக்கின் பலமும் தானே கூடும். குழாய் எங்கேனும் உடைந்தால் எல்லாமே ஒருங்கே செயலிழக்குமே என்று வாசகர் கேட்கக்கூடும். அதையும் யோசித்துத்தான் பிரேக்குக்கென்று அழுத்தத்தைத் தனியே சேமிக்கும் கோளம் ஒன்றையும், அழுத்தம் குறைந்தால் காரோட்டியின் முன் எரியும் சிவப்பு விளக்கையும் வைத்திருந்தார்கள்.

டயர் மாற்றும் முறையை அருகிலிருந்து பார்த்தால் இவ்வமைப்பின் சாமர்த்தியம் தெளிவாகும். காரோட்டியின் காலருகே ஒரு கைப்பிடி உண்டு. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அதை உச்ச நிலைக்குத் தள்ளினால் கார் தன் முழு உயரத்துக்கு எழுந்து நிற்கும். அப்போது பக்கவாட்டில் ஒரு சிறு முட்டுக்காலை வைத்து, கைப்பிடியை அடிநிலைக்கு இழுத்தால், காரின் உடல் முட்டுக்காலின்மீது தங்கிக்கொள்ள, அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் தாமே தரையை விட்டு மேலே எழும்பும். ஜாக்கி வைத்து முறுக்கும் வேலையே இல்லை. பின் சக்கரமானால், அதை மூடியிருக்கும் மட்கார்டை ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி எடுத்து வைத்துவிடலாம். இரவில் என்ஜினை நிறுத்திவிட்டுப் போனால், அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கிக் காலைக்குள் கார் தரையை ஒட்டிப் படுத்திருக்கும். என்ஜினைக் கிளப்பியதும் எழுந்துகொள்ளும்.

உருவத்திலும் பௌதிகமே ஆட்சி செய்தது. முன் சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர், பின் சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேல், கூரை மட்டும் கண்ணாடி இழையால் ஆனது, எடையின் மையம் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதற்காக. எடை முன்னே நின்று, உடல் பின்னே குறுகி ஓடுவதால், பக்கக் காற்று வீசினாலும் கார் தன் நேர்வழியை விட்டு எளிதில் விலகுவதில்லை. முன் சக்கரம் திரும்பும் அச்சு டயரின் நடுவே செல்லும்படி அமைத்திருந்தது இன்னொரு நுட்பம். மற்றக் கார்களில் அந்த அச்சு சற்று விலகியிருப்பதால், ஒரு டயர் வெடித்தால் ஸ்டியரிங் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். இதில் அந்த இழுப்பு இல்லை.

இந்த நுட்பத்திற்கு ஒரு கொடிய பரீட்சை நேர்ந்தது. 1962 ஆகஸ்டு 22 அன்று மாலை, பாரிஸை அடுத்த பெத்தி கிளாமார் என்ற இடத்தில், பிரெஞ்சு ஜனாதிபதி தெ கால் தம் மனைவியுடனும் மருமகனுடனும் சென்றுகொண்டிருந்த கறுப்பு டி.எஸ். காரின் மீது, அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் அளித்ததை எதிர்த்த கூட்டத்தினர் இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டனர். காரைப் பல குண்டுகள் துளைத்தன, டயர்களும் கிழிந்தன. காரோட்டி வேகத்தைக் குறைக்கவில்லை. காரும் நிலைகுலையாமல் ஓடி வெளியேறியது. உள்ளே இருந்த எவருக்கும் காயம் இல்லை. காரோட்டியின் தீரத்துக்கே இதில் முதல் மரியாதை. சக்கர அமைப்பின் பங்கு அடுத்தது. ஆயினும் அந்த இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் பிரெஞ்சு சரித்திரம் வேறு திசையில் சென்றிருக்கக்கூடும்.

குறைகளையும் கூறாமல் விடலாகாது. இத்தனை நவீனமான உடலுக்குள் ஓடியது பழைய திராக்ஷனின் வழிவந்த 1911 கன சென்டிமீட்டர், நான்கு சிலிண்டர், 75 குதிரைத்திறன் என்ஜின். காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் என்ஜின் ஒன்றைச் செய்ய முயன்று கைவிட்டதன் விளைவு அது. வேகமாக ஓட்டினால் அந்த என்ஜினின் இரைச்சல், ஆசனத்தின் மிருதுத்தன்மையோடு ஒட்டாமல் ஒலித்தது. அதைவிட மோசம், முதல் ஆண்டுகளில் கார்கள் கசிந்தன, நடுவழியில் படுத்தன. புதுமையை ரகசியமாகக் காக்கும் ஆவலில், பழுது பார்க்கும் பட்டறைகளுக்குப் போதுமான பயிற்சி அளிக்காமலே ஸ்தாபனம் காரை விற்பனைக்கு விட்டுவிட்டது; இது மன்னிக்கத்தக்க தவறாக எனக்குத் தோன்றவில்லை. திரவமும் சதி செய்தது. தாவர எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ஆரம்பகாலத் திரவமும், அதன்பின் வந்த செயற்கைத் திரவமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்பவை. உறிஞ்சிய ஈரம், மைக்ரான் கணக்கில் இழைத்த அந்த வால்வுகளைத் துருப்பிடிக்கச் செய்தது. 1966 இறுதியில், ஈரத்தைச் சேர்த்துக்கொள்ளாத பச்சை நிறத் தாது எண்ணெய் ஒன்றைக் கொண்டுவந்த பிறகே டி.எஸ். நம்பத்தக்க காராயிற்று. ஆக, மகத்தான ஒரு கண்டுபிடிப்பு தன் யோக்கியதையை முழுவதும் காட்டப் பதினோரு ஆண்டுகள் காத்திருந்தது, சரியான எண்ணெய் ஒன்றுக்காக.

பிற்காலச் சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1965-இல் 2175 கன சென்டிமீட்டர் என்ஜின் வந்தது. 1969-இல் மின்னணுவியலால் எரிபொருளைப் பீச்சும் முறை. 1972-இல் 2347 கன சென்டிமீட்டர். 1967-இல் வந்த முன்விளக்குகள் ஸ்டியரிங்கோடு சேர்ந்து தாமும் திரும்பி, வளைவின் உட்புறத்தைக் காரோட்டிக்குக் காட்டின. இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் ஸ்தாபனமே, 1965-இல் வெளியிட்ட சில்வர் ஷேடோ காரில் உயரத்தைச் சமன் செய்யும் ஏற்பாட்டுக்காகச் சிட்ரோயனிடம் உரிமம் பெற்றது. சொகுசுக் காரின் இலக்கணத்தையே எழுதியவர்களிடமிருந்து இதைவிட உயர்ந்த நற்சான்று கிடைத்திருக்க முடியாது. 1975 ஏப்ரலில் உற்பத்தி நின்றபோது, பதினான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட டி.எஸ். ரகக் கார்கள் வெளிவந்திருந்தன. மாஜெஸின் கோளங்கள் சிட்ரோயனின் பெரிய கார்களில் தொடர்ந்து வாழ்ந்து, செலவு மிகுதி காரணமாக 2017-இல் ஓய்ந்தன. நம் திருவள்ளூர்த் தொழிற்சாலையில் 2021 முதல் பூட்டப்பட்ட சிட்ரோயன் சி5 ஏர்கிராஸ் காரில் எஃகு ஸ்பிரிங்தான். ஆனால் அதன் ஷாக் அப்சார்பரின் இரு கோடியிலும், அசைவின் கடைசிப் பகுதியைத் திரவத்தால் மெதுவாக நிறுத்தும் சிறு ஏற்பாடு உண்டு. தூரத்து உறவுதான் என்றாலும், உறவில்லை என்று சொல்ல முடியாது.

வாசகர் எவருக்கேனும் வெளிநாட்டுப் பொருட்காட்சிச்சாலையிலோ, பழைய கார்களைப் போற்றும் அன்பர் ஒருவரின் கொட்டகையிலோ டி.எஸ். ஒன்றைக் காண வாய்த்தால், பெர்த்தோனியின் உருவத்தைக் கண்ணாரக் கண்ட பிறகு, என்ஜின் மூடியைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். உள்ளே கோளங்கள் கறுப்பாக இருந்தால் அது பழைய திரவத்தில் ஓடும் கார். பச்சையாக இருந்தால் தாது எண்ணெயில் ஓடுவது. ஒன்றுக்குரிய திரவத்தை மற்றொன்றில் ஊற்றினால், ரப்பர் உறுப்புகள் அனைத்தும் கெட்டுப்போகும்.